பொத்தான் எந்தப் பக்கம்?

எங்கள் அச்சாபீஸில் இப்போது கேமரா வைத்த மெஷின் வந்திருக்கிறது. ஓடுகிற தாளை ஒவ்வொன்றாக அதுவே பார்த்து, தப்பு இருந்தால் தனியே தள்ளிவிடுகிறதாம். ஆயுத பூஜைக்குப் பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். செக்கிங் செக்‌ஷனில் இருக்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "கேமரா இல்லாம எப்படிப் பெரியம்மா பார்த்தீக?" என்று கேட்டார்கள். எனக்கு ஆள் முன்னால் நின்று பேச வராது. "கண்ணாலதான்" என்று சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை. கண் பார்த்ததும் உண்டு, பார்க்காமல் விட்டதும் உண்டு. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எதையும் திருப்பி மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு தடவை திருப்பிப் போட்ட கதைதான் இது.

சின்ன வயசில் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினேன். பதினெட்டு வயசில் சிவகாசியில் இந்த அச்சாபீஸில் சேர்ந்தேன். தாள் மடிப்பது, பக்கம் அடுக்குவது, டைரிக்கு நூல் கோப்பது என்று சில வருசம் போனது. சாயங்காலம் வீட்டில் பக்கத்துத் தையல்கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பொத்தான் தைத்துக் கொடுப்பேன். இவ்வளவுதான் என் பழகுகாலம்.

எங்கள் போர்மேன் பெயர் செல்லையா. நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். சத்தம் போட மாட்டார். மெஷின் ஓடுகிற இடத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அவர் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகப் பேசுவார். அதனால் அவர் பேசும்போது நாங்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

புஸ்வாணப் பெட்டிக்கான லேபிள் ஒரு தரம் மடிப்புக் கூடத்துக்கு வந்தது. லேபிளில் ஒரு குழந்தை சிரிக்கும். அதில் சிலவற்றில் குழந்தைக்கு நெற்றிப் பொட்டு இல்லை. நான் யாரிடமும் சொல்லாமல் அவற்றை எடுத்து ஒரு ஓரமாக அடுக்கி வைத்தேன். அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"இதை யாரு ஒதுக்குனது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னோடு மடிப்பில் இருந்த பேச்சியம்மா, "இவதான் அண்ணாச்சி. வாய்க்குள்ள கொழுக்கட்டை வச்சிருக்கா, பேச மாட்டா" என்றாள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. மறுநாள் என்னைச் செக்கிங் மேசைக்கு மாற்றினார். அதுவரை அந்த மேசையில் ஆம்பளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் சொல்லிக் கொடுத்த முறை இதுதான். தாளை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் போட வேண்டும். முதலில் நேராகப் பார்க்கக் கூடாது, தலைகீழாக வைத்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் மனசு தனக்குத் தெரிந்ததைப் பார்க்கும். தலைகீழாகப் பார்த்தால் கண் அங்கே இருப்பதைப் பார்க்கும். பிறகு வலது கீழ் மூலையில் தொடங்கி லென்ஸை நகர்த்த வேண்டும். தப்பு என்று யார் போய் நின்றாலும் அண்ணாச்சி ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்தியா, பார்த்த மாதிரி இருக்கா?" பார்த்த மாதிரி இருக்கு என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். பார்த்தேன் என்றால் உடனே எழுந்து வருவார். நான்கு வண்ணம் ஓடுகிற மெஷினைக்கூட நிறுத்துவார்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவுக்கு ஒரு புத்தக ஆர்டர் வந்தது. எங்கள் கம்பெனிக்கு அந்த நாட்டிலிருந்து வந்த முதல் ஆர்டர். முதலாளி அதற்காகச் செக்கிங் கூடத்துக்குச் சுண்ணாம்புகூட அடித்தார். புத்தகம் முழுக்கப் படம். பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. அதில் பேர்போன ஆட்டக்காரர்களின் மறக்க முடியாத கட்டங்கள் என்று ஆபீஸ் கிளார்க் விவரம் சொன்னார். நாங்கள் அதை 'உலக்கை புக்' என்றோம். கிரிக்கெட் மட்டை தட்டையாக இருக்கும். இவர்கள் கையில் இருந்தது அசல் உலக்கை.

"இவுக எல்லாம் சம்பளத்துக்கு ஆடுறவுக" என்றார் கிளார்க்.

"விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்றாள் பேச்சியம்மா. "எங்க மாமியாகிட்ட சொல்லுங்க. நான் வேலைக்குப் போறதையே வெளையாடப் போறேங்கா."

எனக்கு அந்தப் புத்தகம் பிடித்துப்போனது. ஒரு எழுத்துப் புரியாது. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. படங்களை வைத்தே ஆட்டத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். மேடாகக் கொட்டிய மண்ணில் ஒருவர் நின்று எறிகிறார். எதிரே உலக்கைக்காரர். அவருக்குப் பின்னால் மூஞ்சியில் கோழிக்கூட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் குத்தவைத்திருக்கிறார். ஒருவர் மண்ணில் வயிறு தேய வழுக்கிக்கொண்டு போய் ஒரு வெள்ளைத் திண்டைத் தொடுகிறார். அதற்கு ஊரே எழுந்து கத்துகிறது. ஒருவர் வேலிமேல் தொங்கிக்கொண்டு பந்தைப் பிடிக்கிறார். பிடித்த கை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அது கணக்கில் சேருமா சேராதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கோழிக்கூட்டுக்காரர் ஓடிப்போய் எறிந்தவரின் இடுப்பில் குழந்தை மாதிரி ஏறிக்கொண்ட படமும் உண்டு. அவ்வளவு பெரிய ஆம்பளைகள் அப்படிக் கட்டிக்கொள்வதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அப்படி என்னதான் நடந்திருக்கும்?

பந்து பிடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு கையில் மட்டும் பெரிய தோல் உறை போட்டிருந்தார்கள், சட்டியைக் கவிழ்த்த மாதிரி. நான் பார்த்த படங்களில் எல்லாம் அது இடது கையில் இருந்தது. வலது கை எறிவதற்கு.

வலது கையை எங்கள் பக்கம் சோத்தாங்கை என்போம், இடது கையைப் பீச்சாங்கை என்போம். எந்தக் கை எதற்கு என்று அந்தப் பேரிலேயே இருக்கிறது. எனக்குச் சின்ன வயசில் எல்லாமே பீச்சாங்கையில்தான் வரும். இரண்டாம் வகுப்பு டீச்சர் என் சடை ரிப்பனை அவிழ்த்து, அந்தக் கையைப் பெஞ்சுக் காலோடு கட்டிவைத்தார். ஒரு பருவம் முழுக்கக் கட்டினார். அதன் பிறகு நான் சோத்தாங்கைக்காரி ஆகிவிட்டேன். எழுத்து மட்டும் கோழி கிண்டின மாதிரியே நின்றுவிட்டது.

ஒரே பெரிய தாளில் சேர்ந்து ஓடுகிற பக்கங்களை ஒரு பாரம் என்போம். கடைசி பாரத்துக்கு முந்தின பாரத்தில், ஒரு பக்கம் முழுக்க ஒரே ஆளின் கறுப்பு வெள்ளைப் படம். பழைய காலத்துப் படம். மண்மேட்டில் நின்று ஒரு காலை மார்பு வரை தூக்கி, எறிகிற கையைப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறார். சட்டையில் எழுத்து இல்லை, எண் இல்லை. தொப்பியும் மொட்டை. தோல் உறை வலது கையில் இருந்தது.

அச்சு ஓடுவதற்கு முன்னால் எடுக்கிற மாதிரித்தாளைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன், நேராக வைத்துப் பார்த்தேன். இவர் மட்டும் பீச்சாங்கையால் எறிகிறார். படம் திரும்பிவிட்டது என்று என் மனசு உடனே சொன்னது. அச்சில் அப்படி நடப்பது உண்டு. பழைய படங்கள் நெகட்டிவின் நகலாகத்தான் வந்திருந்தன. நகலை இந்தப் பக்கமும் வைக்கலாம், அந்தப் பக்கமும் வைக்கலாம். மாற்றி வைத்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகிவிடும்.

நானாக எழுந்து போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன். அதுவரை அப்படிப் போனதே கிடையாது.

"படம் திரும்பியிருக்கு அண்ணாச்சி."

"பார்த்தியா, பார்த்த மாதிரி இருக்கா?"

"பார்த்தேன்."

வந்தார். லென்ஸை வேட்டி முனையில் துடைத்து வைத்துப் பார்த்தார். மற்ற படங்களைப் பக்கத்தில் பரப்பிப் பார்த்தார். கிளார்க்கைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"பேரு போட்டிருக்கு. பெரிய சவுத்பான்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"சவுத்துன்னா தெற்கு. பான்னா மிருகத்துக்குப் பாதம்." கொஞ்சம் யோசித்தார். "தெற்குப் பாதம். ஊர்ப் பேராத்தான் இருக்கும்."

"அட, நம்மளை மாதிரித் தெக்கத்தி ஆளு" என்றாள் பேச்சியம்மா.

சரக்கு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேற வேண்டிய அவசரம். மாதிரித்தாள் மெட்ராஸ் ஏஜென்டிடம் போய்வர நேரமில்லை என்று, படம் பார்க்கிற பொறுப்பை எங்களிடமே விட்டிருந்தார்கள். அண்ணாச்சி அந்த நகலைத் திருப்பி வைத்துப் புது ஃபிலிம் எடுக்கச் சொன்னார். போகும்போது முதலாளியிடம், "அமெரிக்காக்காரன் விட்ட தப்பை நம்ம பிள்ளை பிடிச்சிருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் காலையில் அந்த பாரம் ஓடத் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஓடிய தாளில் ஒன்றை உருவி என் மேசைக்குக் கொடுத்துவிட்டார்கள். மை சரியாக இருந்தது. படத்தின் புள்ளிகள் சரியாக இருந்தன. வேலை முடிந்தும் நான் தாளிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை இறுக்கி மூடியிருந்தார். எறியப் போகிற நேரத்தில் என்ன நினைத்திருப்பார்? லென்ஸ் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது.

கழுத்துப் பொத்தான் போடாமல் திறந்து கிடந்தது. ஒரு பக்கம் பொத்தான், ஒரு பக்கம் காஜா. பொத்தான் அவருக்கு இடப்பக்கம் இருந்தது.

எத்தனை சட்டைக்குத் தைத்திருப்பேன்! ஆம்பளைச் சட்டைக்குப் பொத்தான் சோத்தாங்கைப் பக்கம், காஜா பீச்சாங்கைப் பக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புத்தகத்தில் பொத்தான் சட்டை போட்டவர்கள் படத்தையெல்லாம் தேடி எடுத்தேன். எல்லாருக்கும் வலப்பக்கம்தான். இவர் ஒருவர்தான் பொம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

அப்படியானால் பொத்தான் இருக்கிற பக்கம்தான் இவருக்கு நிஜமான சோத்தாங்கை. அந்தக் கையில்தான் தோல் உறை இருக்கிறது. எறிகிற கை பீச்சாங்கை. முதலில் வந்த படம்தான் சரி. மெனக்கெட்டு மாற்றியவள் நான்.

பக்கத்து ஹாலில் மெஷின் ஓடுகிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தாள். பேசாமல் இருந்தால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. அமெரிக்காவில் தெரியும், அப்போது முதல் ஆர்டரே கடைசி ஆர்டர் ஆகும், அண்ணாச்சி தலையில் விடியும். சொன்னால் இவ்வளவு தாளும் பாழ். என்னைத் திரும்ப மடிப்புக்கு அனுப்புவார்கள், பொம்பளையை நம்பி உட்கார வைத்ததற்கு அண்ணாச்சி பேச்சுக் கேட்பார். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பீச்சாங்கையை ரிப்பனால் கட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவளே ஒருத்தர் கையை மாற்றிவிட்டேன். ஒரு மனுசர் அந்தக் கையால் எறிந்தே பேர் வாங்கியிருப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவேயில்லை?

தாளை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். அண்ணாச்சி அங்கேதான் நின்றார்.

"நான் சொன்னது தப்பு அண்ணாச்சி."

மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதை என் பக்கம் சாய்த்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன்.

"நான் சொன்னது தப்பு! அவரு பீச்சாங்கைக்காரரு!"

"பார்த்தியா..."

"பொத்தானைப் பார்த்தேன் அண்ணாச்சி."

அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மறுபடியும் தாள், மறுபடியும் சட்டை.

"ஏலே, இங்கன வாங்கலே."

மெஷினில் நின்ற இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் வெறும் பனியன். அண்ணாச்சி அவரை விட்டுவிட்டு அடுத்தவர் சட்டையைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, என் சட்டையில என்ன?"

"பொத்தான் எந்தப் பக்கம்லே?"

"நான் எங்க பார்த்தேன்? கைதான போடுது."

அண்ணாச்சி கையைத் தூக்கினார். மெஷின் நின்றது. அந்த ஹால் பகலில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அமைதியைக் கேட்டு முதலாளியே ஆபீஸ் ரூமிலிருந்து வந்துவிட்டார். விவரம் சொன்னதும் அவரும் குனிந்து தன் பொத்தானைப் பார்த்தார். பின்னால் வந்த கிளார்க்கும் பார்த்தார். தினம் போடுகிற சட்டை. ஒருத்தருக்குக்கூடப் பொத்தான் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கவில்லை. பேச்சியம்மா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி சிரிக்கவில்லை. "படத்தைத் திருப்பச் சொன்னது யாரு?"

"நான்தான் திருப்புனேன்" என்றார் அண்ணாச்சி.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அங்கேயே நின்றிருக்கலாம்.

"சொன்னது நான்தான் முதலாளி" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "நேத்து அப்படிங்கிறே, இன்னைக்கு இப்படிங்கிறே. நாளைக்கு என்ன சொல்லப்போற?"

அண்ணாச்சிதான் சொன்னார்: "நேத்து பார்த்த மாதிரி இருந்திருக்கு முதலாளி. அவளுக்கு மட்டுமில்ல, எனக்கும். இன்னைக்குப் பார்த்திருக்கோம்."

ஒரு பொத்தானை நம்பி இவ்வளவு தாளையும் தள்ள முதலாளிக்கு மனசு வரவில்லை. யோசித்துவிட்டுக் கிளார்க்கிடம், "அந்தத் தெற்குப் பாதம் என்னன்னு முதல்ல பார்த்துட்டு வாரும்" என்றார். கிளார்க் சைக்கிளை எடுத்துக்கொண்டு, காலேஜில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வீட்டுக்குப் போனார். மெஷின் நின்றபடியே நின்றது. நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அண்ணாச்சி மட்டும் மை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

கிளார்க் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் ஒரு சின்னச் சீட்டு. உரக்கப் படித்தார்.

"சவுத்பா: பேஸ்பால் ஆட்டத்தில் இடது கையால் எறிபவர்."

எந்தக் கை என்று படத்துக்கு அடியிலேயே அச்சடித்திருந்தது. அந்த எழுத்தில் ஒரு புள்ளிகூட விடாமல் நான் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலாளி அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "பழைய ஃபிலிமை எடுங்க. இனிமே பார்ட்டி சொல்லாம ஒரு படத்தையும் திருப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "அந்தப் பிள்ளை மேசையிலயே இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் புதுத் தகடு போட்டு முதல் தாள் வந்தது. உறை வலது கையில். பொத்தான் வலப்பக்கம். சரியான தாளில் செக்கிங் ஆள் கையெழுத்துப் போட்டு மெஷினில் மாட்ட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மீதி ஓடும். பேனாவை எடுத்தேன். வழக்கம்போலச் சோத்தாங்கையில்.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து, அவர் வழக்கப்படி மெதுவாகச் சொன்னார்.

"லென்ஸை எந்தக் கையில பிடிக்கியோ, அந்தக் கையில போடு தாயி."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அத்தனை மாதமும் யோசிக்காமல் லென்ஸைப் பீச்சாங்கையில்தான் பிடித்திருக்கிறேன். அவர் பார்த்திருக்கிறார். பேனாவை மாற்றினேன். இரண்டாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து எழுத்து வந்தது, பெரிசாக, கோணலாக. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருசம் அந்தக் கையெழுத்துதான்.

உலக்கை புக் கப்பலேறிப் போனது. பாழான தாளெல்லாம் கட்டுக்கட்டாக வெடிக் கம்பெனிகளுக்குப் போயின. சரவெடிக்கு உருட்டுகிற குழாய்க்கு அச்சாபீஸ் கழிவுத்தாள் ஆகும். அவர் பீச்சாங்கை அமெரிக்காவுக்குப் போனது, நான் கொடுத்த சோத்தாங்கை எங்கள் ஊர் வெடிக்குள் போனது.

அந்தத் தீபாவளியன்று காலையில் தெரு முழுக்க வெடித்த காகிதம் கிடந்தது. நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். எதிரே எண்ணெய் வழிய வந்த பேச்சியம்மா, "என்னடி, கம்மலைத் தொலைச்சிட்டியா?" என்றாள்.

"இல்ல, ஒரு ஆளைத் தேடுறேன்."

"நல்ல நாளும் அதுவுமா? யாரை?"

"தெக்கத்தி ஆளை."

அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு அவளும் கூடவே குனிந்து தேடினாள். கறுப்பு வெள்ளையில் கருகின ஒரு துண்டு கிடந்தது. பீச்சாங்கையால் எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் துணி, அதில் ஒரு பொத்தான். எந்தப் பக்கத்துப் பொத்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.